சவப்பெட்டிக்குள் ஒரு சாட்டை

— மூடியைப் போட்டுடாதீங்க மூப்பரே. என் கழுத்துல கிடந்த இரும்பு வளையம் இன்னும் உள்ள போகல.

— போடு மிம்பா, போடு. இந்தச் சவப்பெட்டியே அதுக்குத்தானே. சங்கிலி, விலங்கு எல்லாம் உள்ள கிடக்கு. பாதிரி ஐயர் வந்து ஜெபம் பண்ணதும் கோயிலுக்குப் பின்னால அடக்கம். ஜமைக்காவுல இன்னையிலேருந்து அடிமைன்னு ஒரு ஆள் கிடையாது.

— நாலு வருசம் முன்னாடியும் இதையேதான் சொன்னாங்க. அப்புறம் பழையபடி கரும்புக்காட்டுக்கு ஓட்டினாங்க.

— இது நிசம், அம்மாடி. ராணி பேர்ல விடுதலை உத்தரவை வாசிச்சாச்சு. தோத்திரம் சொல்லு.

— சொல்றேன். முதல்ல இது விழற சத்தம் கேக்கணும்.

— கேட்டுச்சா?

— கேட்டுச்சு. தோத்திரம்.

— இப்ப உக்காரு. ஒரு சங்கதி. அடக்கம் முடிஞ்ச கையோட ஐயர் கல்யாணம் பண்ணி வைக்கிறாரு. நம்ம குடித்தனத்தை இத்தனை காலம் எந்தத் துரை கல்யாணமா மதிச்சான்? குவாக்கோவும் பேர் குடுத்திருக்கான்.

— கங்காணி குவாக்கோவா? குடுக்கட்டும். பொண்ணு யாரு?

— நீதான்.

— என்னைக் கேட்டானா?

— இன்னைக்குக் கேக்கப் போறான். அப்படிப் பாக்காத. ஒரே குடிசையில குடித்தனம் பண்ணவங்கதானே நீங்க.

— பண்ணோம். அவன் என்னைக் கட்டி வச்சு அடிக்கிற வரைக்கும்.

— அடிக்கச் சொன்னது துரை. குவாக்கோவும் நம்மள மாதிரி அடிமைதான். அந்தா, வாசல்லயே நிக்கிறான். உள்ள வா குவாக்கோ.

— தோத்திரம் மூப்பரே. மிம்பா... நல்லா இருக்கியா?

— கையில என்ன?

— சாட்டை. பெட்டியில போடக் கொண்டாந்தேன்.

— ஜெபக் கூட்டத்துக்குப் போனேன்னு என்னை அடிச்சது இதுதானா?

— இதேதான். நான் அடிக்கலைன்னா வேறொருத்தன் அடிச்சிருப்பான், மிம்பா.

— அந்த வேறொருத்தன் இன்னைக்கு என்னைக் கட்டிக்கக் கேக்கலையே.

— மெல்லத்தான் அடிச்சேன். உனக்கே தெரியும்.

— தெரியும். துரைக்கும் தெரிஞ்சுபோச்சு. மறுபடி முதல்லேருந்து அடின்னான். அடிச்ச. சாயங்காலம் என் முதுகுல எண்ணெய் தடவ வந்த. அதே கை.

— நீ கதவைத் திறக்கல.

— திறக்கத் தோணல.

— பாரு மிம்பா, எகிப்துலேருந்து வெளிய வந்த சனம் நாம. கசப்பையும் மூட்டை கட்டிக்கிட்டா கடலைத் தாண்டுறது? எங்களுக்கு மன்னியும்னு வாராவாரம் கேக்கறோம். நாமளும் மன்னிக்க வேண்டாமா?

— மூப்பரே, உங்க முதுகுல தழும்பு இருக்கா?

— நான் துரை வீட்டுக்குள்ள வேலை பாத்தவன். உனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சுதான் கேட்டேன்.

— அவரை விடு, மிம்பா. நான் ஒழுங்காத் தூங்கி வருசமாச்சு. இந்தா, சாட்டையை நீ பிடி. நான் திரும்பி நிக்கிறேன்.

— டேய் குவாக்கோ, சட்டையைக் கழட்டாத. இது கோயில்.

— நீங்க சும்மா இருங்க மூப்பரே. இது எனக்கும் அவளுக்கும்.

— இந்தச் சாட்டை இவ்வளவு கனமா இருக்கும்னு நினைக்கல.

— மிம்பா, வேண்டாம். கீழ போடு. ஆண்டவர் பாத்துக்கிட்டிருக்கார்.

— அன்னைக்கும்தான் பாத்துக்கிட்டிருந்தார், மூப்பரே. குவாக்கோ, சட்டையை மாட்டு.

— அடிக்கலையா?

— விடுதலையான அன்னைக்கே நான் கங்காணி ஆகணுமா? அந்த முனையை நீ பிடி. இந்த முனை என்கிட்ட இருக்கட்டும். சேர்ந்தே உள்ள இறக்குவோம்.

— பிடிச்சுட்டேன்.

— இப்ப விடு.

— மன்னிச்சுட்டியா, மிம்பா?

— மன்னிச்சேன். வாய் வார்த்தைக்குச் சொல்லல. ஆண்டவர் சாட்சி.

— தோத்திரம், தோத்திரம்! மூடியைப் போட்டுடறேன். அதோ ஐயர் மேடேறி வர்றாரு. முதல் ஜோடி நீங்கதான். சொல்லிரட்டுமா, மிம்பா?

— மாட்டேன்னு சொல்லுங்க.

— இப்பத்தானே மன்னிச்சேன்னு சொன்ன?

— மன்னிச்சேன். கட்டிக்க மாட்டேன்.

— விடுங்க மூப்பரே. அவ சொல்லிட்டா.

— நீ பேசாம இருடா. அம்மாடி, இப்படி ஒரு நல்ல நாள்ல, ஐயர்கிட்ட போய் நான் என்னன்னு சொல்லுவேன்?

— ஒருத்தன் கேட்டான், மிம்பா மாட்டேன்னுட்டா, அதுக்காக அவளை யாரும் அடிக்கலைன்னு சொல்லுங்க.