கோஷர் கடையும் வீட்டுச் சேவலும்

"மச்சான், அங்க நான் யூதர் கடையிலதான் கறி வாங்குனேன்."

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்து இந்தப் பேச்சு காதில் விழுந்தது. பேசியவர் வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு அன்றுதான் வீடு திரும்புகிறார். ஏர்போர்ட்டிலிருந்து அவரை அழைத்து வந்த மைத்துனர் பக்கத்தில் இருந்தார்.

"ஏன், ஹலால் கடை இல்லியா?"

"நான் இருந்த ஊர்ல இல்ல. கோஷர்னு அவுங்க கடைதான் இருந்துச்சு. அவுங்களும் இறைவன் பேரச் சொல்லித்தான் அறுக்குறாங்க. ரத்தம் போக உப்பு போட்டு வெக்கிறாங்க. பன்னியத் தொடவே மாட்டாங்க. நம்ம பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன், தாராளமா சாப்புடுன்னாரு."

"ருசி?"

"நல்லாதான் இருந்துச்சு. ஆனா நம்ம வீட்டுச் சேவல் மாதிரி வருமா? அது என்ன தின்னுச்சுன்னு நமக்குத் தெரியும். உன் தங்கச்சி எனக்காகவே ஒண்ணு வளத்து வெச்சிருக்கா. போனதும் நானே பிஸ்மி சொல்லி அறுக்கப்போறேன்."

ஆலப்பாக்கம் தாண்டியதும் அவர் மனைவி போனில் அழைத்தார். பஸ் இரைச்சலில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க வர்றீங்க? உங்க குரல் கேட்டதும் சேவல் ஓடியாந்து பக்கத்துல நிக்கிதுங்க. தெனம் தீனி போடுறப்ப நீங்க போன் ஸ்பீக்கர்ல பேசுவீங்கல்ல, பழகிடுச்சு."

அவர் மைத்துனரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"சரி, நான் வர்ற வழியில மீன் வாங்கியாறேன்."

"அதக் கேக்கத்தாங்க போன் பண்ணேன்."