மீன் பொரித்தால் நிற்கும் பொய்லர்

சுவிஸ் நாட்டின் எம்மன்புரூக்கேயிலிருந்து புறப்பட்ட பேருந்தில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"எங்கட வீட்டில மீன் பொரிச்சால் பொய்லர் நிண்டிடும்" என்றாள் சிவப்புத் தொப்பிக்காரி.

மற்றவள் இளையவள். ஹைட்சுங், அதாவது வீட்டைச் சூடாக்கும் காஸ் பொய்லர், திருத்தும் வேலை பழகுகிறவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"நிக்கேக்க ஏதும் காட்டுதோ, அக்கா?"

"ஓம், ஒரு பிழை நம்பர் வரும். இவர் பட்டனை அமத்த, திரும்ப ஓடும்."

"பொரிக்கேக்க வேற என்ன செய்வியள்?"

"மணம் வெளிய போகாமல் ஜன்னலைப் பூட்டிப்போட்டு, அடுப்புக்கு மேல இருக்கிற ஃபானைப் போடுவன்."

"பொய்லர் எங்க இருக்கு?"

"குசினி மூலையில."

இளையவள் அவள் பக்கம் நன்றாகத் திரும்பினாள்.

"உங்களுக்குத் தலையிடிக்கிறேல்லையோ?"

"இடிக்கும். மீன் மணத்துக்கு எண்டு நினைச்சன்."

"ஜன்னல் பூட்டின வீட்டுக் காத்தை ஃபான் வெளிய இழுக்க, பொய்லரின்ர நச்சுப் புகை திரும்பிக் குசினிக்குள்ள வருது. அதுதான் பொய்லர் தானா நிக்குது. இப்ப வீட்டில ஆர்?"

"இவரும் பிள்ளையும். இவர் மீன் பொரிக்கிறார்."

சொல்லும்போதே தொப்பிக்காரி போனை எடுத்துக் கணவனை அழைத்துவிட்டாள்.

"பட்டனை அமத்தாதேங்கோ. அடுப்பை நூத்துப்போட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளையோட வெளிய போங்கோ. ஏனெண்டு பிறகு சொல்லுறன்."

போன் காதிலேயே இருந்தது. ஒரு தரிப்பிடம் கடந்த பிறகு சிறுமியின் குரல் எனக்கும் கேட்டது.

"அம்மா, ஸ்னோ கொட்டுது. அப்பா வெறுங்காலோட நிக்கிறார்."

"தலையிடிக்குதோ எண்டு கேளுங்கோ" என்றாள் இளையவள்.

"இல்லையாம்."

தொப்பியைக் கழற்றி அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுத்த தரிப்பிடத்தில் இருவரும் இறங்கி, வீட்டுப் பக்கம் போகும் பேருந்துக்காக வீதியைக் கடந்தார்கள்.