மாட்டுப் படத்தின் கீழே

அந்த பெஞ்சில் வேண்டாம் சிஸ்டர், ஒரு கால் ஆடும். இந்த நாற்காலியில் உட்காருங்கள். பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள், இனி யாரும் வரமாட்டார்கள். நீங்கள் கொண்டுவந்திருக்கும் நோட்டு யாருடையது என்று நான் கேட்கப்போவதில்லை. உள்ளே இருப்பது என் கையெழுத்துதான்.

கரிக்கலாம்பாக்கத்தில் இந்த நர்சரி தொடங்கியது எழுபத்தாறில். எல்.கே.ஜி.க்கும் யூ.கே.ஜி.க்கும் நான் ஒருத்திதான் டீச்சர். அதற்கு மேல் இங்கே வகுப்பு கிடையாது. யூ.கே.ஜி. முடித்தால் அரசாங்கப் பள்ளிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் உங்கள் கான்வென்ட்டுக்கு. உங்கள் ஒன்றாம் வகுப்பில் எங்கள் ஊருக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு இடம். அந்த விதி நீங்கள் போட்டது. நான் குறை சொல்லவில்லை.

தனக்கொடி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தது எழுபத்தொன்பது ஜூனில். காலனிக்காரி, நடவு வேலை செய்கிறவள். அரசாங்கப் பள்ளி பக்கத்திலேயே இருக்கிறதே, ஒரு வருஷம் போகட்டும், அங்கே சேர்த்துவிடேன் என்று நல்லபடியாகத்தான் சொன்னேன். மறுநாளும் வந்து நின்றாள். நாலாவது நாள் மழை. அப்போதும் சேறு காலோடு வாசலுக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். ஒதுங்கி நிற்கக்கூட இல்லை.

"அங்க இங்கிலீசு இல்ல டீச்சர். எம் பொண்ணு இங்கதான் படிக்கணும். ஏன் சேத்துக்க மாட்டேன்றீங்க, அதச் சொல்லுங்க."

கெஞ்சியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் காரணம் கேட்டாள். பள்ளியை நடத்துகிற ஆதிமூலம் ஐயா, அவள் தன் வயலில் வேலை செய்கிறவள் என்பதால் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். சேர்த்துக்கொண்டேன். நான் சாதி பார்க்கிறவள் இல்லை சிஸ்டர். மாதா கோவில் பூசையில் எல்லோரும் ஒரே கிண்ணத்திலிருந்துதான் நற்கருணை வாங்குகிறோம்.

பெண்ணின் பெயர் அமுதம். நாலு வயது. ஒரே மாதத்தில் எழுத்தெல்லாம் பிடித்துக்கொண்டாள். தீப்பெட்டி, சோப்பு உறை என்று எது கையில் கிடைத்தாலும் எழுத்துக் கூட்டிப் பார்ப்பாள். என் மகள் கிரேஸ் மேரியும் அதே வகுப்பு. கிரேஸ் கொஞ்சம் மெதுவாகப் புரிந்துகொள்கிற பிள்ளை. ஒருநாள் நான் சிலேட்டில் எழுதியதைப் படிக்கத் தெரியாமல் கிரேஸ் விழித்தாள். பக்கத்தில் இருந்த அமுதம் அவள் காதோடு குனிந்து சொல்லிக்கொடுத்தாள். கிரேஸ் சிரித்துக்கொண்டே அதை அப்படியே சொன்னாள். என் மகள் வெட்கப்படவில்லை. எனக்குத்தான் உறைத்தது.

ஒரே இடம். அது யாருக்குப் போகும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

யூ.கே.ஜி.யில் நான் தனக்கொடியைக் கூப்பிட்டு, அமுதத்தைத் தினமும் பள்ளி விட்ட பிறகு அரைமணி நேரம் என்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். கான்வென்ட் இன்டர்வியூவுக்குத் தனியாகத் தயார் செய்கிறேன் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. முதல்முறையாக என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

முதல் நாள் அமுதத்திடம், எல்.கே.ஜி.யில் படித்தது சின்னப் பிள்ளைகளுக்கானது, பெரிய பள்ளியில் எல்லாவற்றுக்கும் பெயர் வேறு என்று சொன்னேன்.

"மாறுமா டீச்சர்?" என்று கேட்டாள்.

"மாறும். யார்கிட்டயும் சொல்லாத. இது உனக்கு மட்டும்தான்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு டீச்சரைச் சந்தேகப்படத் தெரியாது.

பி என்கிற எழுத்தை டி என்று சொல்லிக்கொடுத்தேன். ஆறை ஒன்பது என்றேன். சிவப்புக்கு பிளாக். மாட்டுப் படம் வரைந்து அதன் கீழே டேபிள் என்று எழுதினேன். நீங்கள் வைத்திருக்கும் நோட்டில் மூன்றாம் பக்கம். படம் சுமாராக இருக்கும், எனக்கு வரைய வராது. வகுப்பில் மற்றவர்களுக்குப் படம் காட்டும் நேரத்தில் முற்றத்து வேப்பிலைகளைப் பொறுக்க அவளை அனுப்பிவிடுவேன். அவள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் கிடையாது. திருத்த ஆள் இல்லை. பழசை மறக்க அவளுக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குப் பிறகு தடையே இல்லை. நான் அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. சரியாகச் சொன்னால் ஒரு பெப்பர்மின்ட் கொடுப்பேன்.

போன வருஷ இன்டர்வியூவில் நான் உங்கள் ஜன்னல் பக்கம்தான் நின்றிருந்தேன். நீங்கள் மாட்டுப் படத்தைத் தூக்கிக் காட்டினீர்கள். அவள் எழுந்து நின்று, கைகட்டிக்கொண்டு, கணீரென்று டேபிள் என்றாள். உங்கள் பக்கத்தில் இருந்த டீச்சர் சிரித்துவிட்டார். அமுதமும் சேர்ந்து சிரித்தாள். தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

இடம் கிரேஸ் மேரிக்குக் கிடைத்தது. வெளியே வந்ததும் தனக்கொடி, பஸ் நிற்கிற இடத்தில், எல்லோரும் பார்க்க மகளை அடித்தாள். "அவ்ளோ நாளு டீச்சர் ஒண்டியா குந்தி சொல்லிக் குடுத்தாங்களேடி, இன்னா படிச்ச நீ?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். அமுதம் என்னைப் பார்த்தாள். நான் போய்த் தடுத்தேன். பிள்ளையை அடிக்காதே, இன்னொரு வருஷம் யூ.கே.ஜி.யிலேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தனக்கொடி என் காலில் விழுந்தாள். வாசலில் நாலு நாள் அசையாமல் நின்றவள்.

அமுதத்தின் பெயருக்கு நேராக, மேல் வகுப்புக்குத் தகுதி இல்லை என்று ரிஜிஸ்டரில் எழுதினேன்.

இந்த வருஷ இன்டர்வியூவில் நான் பக்கத்தில் நின்றதால்தான் அவள் வாய் திறந்தாள், நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். தெரியாத பிள்ளை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொல்லும், இவள் இரண்டு வருஷமும் ஒன்றையே சொன்னாள், யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னது சரி. அதற்காக அந்த வீடுவரை நடந்துபோய் நோட்டை வாங்கி வருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவள் இப்போது பேசுவதே இல்லை என்கிறீர்கள். தண்ணீர் வேண்டுமா என்று தமிழில் கேட்டால்கூட, பதில் சொல்லாமல் அம்மா முகத்தைப் பார்க்கிறாளாம். எனக்கும் தெரியும். தீபாவளிக்குப் பிறகே அப்படித்தான். எந்தச் சொல்லைச் சொன்னால் அடி விழும் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. என்னிடம் மட்டும் பேசுவாள். என்னிடம் அவள் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் அல்லவா.

முதல் வருஷம் செய்தது மகளுக்காக, ஒரு தாயாக அதைப் புரிந்துகொள்ள முடிகிறது என்று நீங்கள் சொன்னதற்கு நன்றி. இரண்டாவது வருஷம் ஏன் என்று கேட்கிறீர்கள். கிரேஸ் உங்கள் பள்ளிக்கு வந்துவிட்டாள். அந்த வருஷ யூ.கே.ஜி.யில் எனக்கு வேண்டியவர்கள் யாரும் இல்லை. அமுதத்துக்கு இடம் கிடைத்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சரியானதைத் திருப்பிச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு மாதம் போதும். அதையும் நினைத்துப் பார்த்தேன்.

ஜனவரியில் ஒருநாள் அவளே கேட்டாள். "டீச்சர், எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

நான் நோட்டைப் புரட்டிப் புதுப் பக்கம் எடுத்தேன். குதிரைப் படம் வரைந்தேன். அவள் கையைப் பிடித்து அதன் கீழே விண்டோ என்று எழுத வைத்தேன். பத்து தடவை எழுதினாள். கடைசியில் அழகாகவே வந்தது.

அவள் அம்மாவிடம் நீங்கள் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் சொல்லுங்கள். ஆதிமூலம் ஐயாவிடமும் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பிள்ளை மேல் எனக்கு வெறுப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் சிஸ்டர். வெறுப்பு இருந்தால், இரண்டு வருஷம், ஒருநாள் தவறாமல், பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடித்துச் சொல்லிக்கொடுத்திருப்பேனா?