எங்க வீட்டு நிறம்

பாயான் பாருவிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் வெளுத்த மாமியாரும் கறுத்த மருமகளும். மருமகள் மடியில், ரத்தம் ஏற்றிக்கொள்ளப் போகும் குழந்தை.

"தலசீமியாவாம்! எங்க பக்கம் இப்படி ஒரு சீக்கு கிடையாது. உங்க வீட்டுலேருந்துதான் வந்திருக்கு."

"ரெண்டு பக்கமும் இருந்தாதான் பிள்ளைக்கு இவ்ளோ மோசமா வருமாம் அத்தை. டாக்டர் சொன்னாரு லா."

"என்னா சொன்னாரு?"

"ரத்தம் ஊற, அதுக்கான குறிப்பை உடம்பு ஒரு நகல் எடுக்குமாம். அதுல வேண்டாத துண்டை வெட்டிட்டு மிச்சத்தை ஒட்டணும். நம்ம பிள்ளைக்குத் தப்பான இடத்துல வெட்டுது."

"எந்த மடையன் வெட்டுறான்?"

"உடம்பேதான் வெட்டுது. எங்க வெட்டணும்ங்கற அடையாளமே பிறவியிலேயே தப்பு. ஒண்ணு நான் குடுத்தது, இன்னொண்ணு உங்க மகன் குடுத்தது."

"என் மகனா? அவன் நிறத்தைப் பாத்து உங்க ஜனமே வாயப் பொளந்துச்சு. பரம்பரையா எங்க வீட்டு நிறம்!"

"அந்த வெளுப்பே பாதி சோகையாம் அத்தை. அவருக்கும் டெஸ்ட்டுல வந்துடுச்சு. அவரு தம்பிக்கும் கல்யாணத்துக்கு முன்னால ரத்தம் பாக்கச் சொன்னாங்க."

மாமியார் பஸ்ஸைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசு. டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு சம்பந்தத்தைக் கெடுத்துடாத. பொண்ணு பேசி முடிச்சாச்சு. அவளும் நம்ம வீட்டு நிறம்தான், வெள்ளை வெளேர்னு இருக்கா."