புரட்டிப் போடும் கை

இன்னும் கொஞ்சம் ஒட்டி உக்காருங்க... இது என் சிநேகிதனோட பெரியம்மா மகளுக்கு நடந்தது.

ராத்திரி ரெண்டு மணி. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்க ரோடு. ஒரு நாய்கூட இல்ல. அந்த அக்கா மட்டும் விறுவிறுன்னு போறாங்க. நர்சிங் காலேஜ் டீச்சர். பயமா? அதெல்லாம் இல்ல, அவ்வளவும் கடுப்பு.

படுத்த படுக்கையா இருக்கிறவங்களை அப்பப்போ புரட்டிப் போடணும். இல்லன்னா முதுகு புண்ணாயிடும். அதுதான் அக்காவோட ஆராய்ச்சி. ஒரு வார்டு நர்சுகளுக்குத் தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லிக் குடுத்தாங்க. இன்னொரு வார்டை ஒப்பிட்டுப் பாக்கணும்னு சும்மா விட்டாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் அவங்களுக்கும் சொல்லிக் குடுத்துக்கலாம்னு...

கடைசில என்னாச்சு? பாடம் கேட்டவங்க தலையை ஆட்டிட்டு அவங்க பாட்டுக்கு இருந்துட்டாங்க. அங்கதான் புண்ணு. சொல்லிக் குடுக்காத வார்டுல ஒருத்தருக்கும் இல்ல!

"உன் பாடத்தைக் கேட்டாத்தான் புண்ணு வருதோ? இன்னும் ஒரு மாசம் பாரு. இல்லன்னா மூட்டையைக் கட்டு"ன்னுட்டார் ஆராய்ச்சியை மேற்பார்க்கிற பேராசிரியர்.

சொல்லிக் குடுக்காத வார்டுல அப்போ யாருதான் புரட்டுறாங்க? கையும் களவுமா பிடிக்கத்தான் அக்கா அந்த ராத்திரி போனாங்க.

உள்ள... ட்யூட்டி நர்ஸ் மேசைமேல சாஞ்சு குறட்டை. ஸ்பிரிட் வாசனை, கூடவே முகப்பவுடர். சரக்... சரக்... செருப்புச் சத்தம். ஆளைக் காணோம். முதல் கட்டில் தாத்தாவுக்கு விரலைக்கூட அசைக்க முடியாது. அவர் மெல்ல... இடது பக்கம் திரும்புறார். முதுகுக்குப் பின்னால தலையணை தானா செருகிக்குது. ஓரத்துல ஒரு மடிப்பு.

நாமளா இருந்தா ஓடியிருப்போம். அக்காவுக்கு ஆத்திரம்தான் பொத்துக்கிட்டு வந்துச்சு. "யாரா இருந்தாலும் சரி, இங்க வராதீங்க! என் பொழைப்பே போகுது!"

சத்தம் நின்னுச்சு... ரெண்டாவது கட்டில்கிட்ட.

அந்த மாசமே வார்டு பூராப் புண்ணு. தாத்தா தாங்கல, போயிட்டார். பாடம் கேட்ட வார்டைவிட இங்கதான் புண்ணு அதிகம்னு அக்காவோட ஆராய்ச்சி ஜெயிச்சிடுச்சு. பேராசிரியர் கை குலுக்கினார்.

அக்கா தனியாத்தான் இருக்காங்க. மல்லாந்துதான் தூங்குவாங்க. இப்பெல்லாம் நடுராத்திரி முழிச்சா இடது பக்கம் திரும்பிக் கிடக்கிறாங்க. விரலைக்கூட அசைக்க முடியல. பவுடர் வாசனை. முதுகுக்குப் பின்னால, ஓரம் மடிச்ச தலையணை...

அந்த வீட்டுல இருக்கிறது ஒரே தலையணை. அது அவங்க தலைக்கடியிலதான் இருக்கு.