அருஞ்சுனையின் சட்டை

— அத மட்டும் கேக்காதீக ரத்தினம் சார். வேற எதனாச்சும் கேளுங்க.

— வேற எல்லாம் கேட்டாச்சுக்கா. படிச்ச பள்ளிக்கூடத்துல இருந்து லண்டன்ல கணக்குச் சொல்லிக்கொடுத்த ரூம் வரைக்கும் எழுதிட்டேன். மதுரை அச்சகத்துல கடைசிப் பக்கம் மட்டும் எழுத்துக் கோக்காம நிக்குது. ஊரைவிட்டுப் போறப்ப அருஞ்சுனை தன் தங்கச்சி உங்ககிட்ட என்ன சொன்னார்? அது இல்லாம இந்தப் புத்தகம் முடியாது.

— தமிழ் வாத்தியாருக்கு எதுக்குய்யா கணக்குப் போட்டவன் சோலி?

— அவர் கணக்குல ஒரு வரி எனக்குப் புரியாது. ஆனா அவர் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து, என் கையெழுத்தே இப்ப அவருது மாதிரி சாயுது. வீட்டுல திட்டறாங்க.

— அருப்புக்கோட்டை பஸ்ஸுல உக்காந்துக்கிட்டு, ‘ஏ ஒச்சா’ன்னு கூப்புட்டு, சன்னல் வழியா என் காதுல சொன்னான். பெத்த ஆத்தாகிட்டகூட நான் மூச்சு விடல.

— சொல்லாமலே நீங்களும் போயிட்டா?

— ஆத்தாடி, நல்ல வாயி ஒங்களுக்கு! சரி, அந்தப் பெட்டியத் தெறங்க.

— இது சாமிப் பெட்டியாச்சே?

— அண்ணன் சீமையிலயே செத்துப்போனான், ஒடம்பு வரல. வருசா வருசம் சிவராத்திரிக்குப் புதுச்சட்டை தச்சு இதுக்குள்ள வச்சுக் கும்புடுவோம். அளவ அவனே கனவுல வந்து சொல்லுவான். இந்த வருசந்தான் கூத்து. கைய கட்டையா வையி, வயித்துப் பக்கம் தளத்தி விடுங்கிறான்.

— செத்தவருக்குத் தொப்பையா?

— டெய்லரும் அப்படித்தான் சிரிச்சான். நீங்க போட்டுப் பாருங்க. போட்டா சொல்றேன்.

— சாமி சட்டையை நானா? வேண்டாம்க்கா, பயமா இருக்கு.

— அப்பப் பஸ்ஸுக்குக் கெளம்புங்க.

— சரி சரி, கொடுங்க. அட! எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்கே.

— கழுத்துப் பொத்தானையும் போடுங்க.

— போட்டாச்சு. இனி நீங்க... ஏ ஒச்சா. அழுகாதடி. கெணத்துல விழுந்த ஒன் காதுத் தோட்ட நெனச்சு நீ எறங்கிறாத. ஆத்தாகிட்டயும் சொல்லாத. நான் வந்து எடுத்துத் தாரேன்.

— அண்ணே! கெணறு தூந்து போச்சுண்ணே. தோடு கெடக்குது, விடு. இம்புட்டு வருசமா எங்கண்ணே இருந்த?

— என்னக்கா, எதுக்கு அழறீங்க? சொன்னபடி சட்டையப் போட்டுட்டேன், பேனாவும் திறந்துட்டேன். பஸ்ஸுல வச்சு உங்க அண்ணன் என்ன சொன்னார்? இப்பவாவது சொல்லுங்க.