திரையை விட்டுப் போகாத பசு

என் பெயர் ஷர்மினி, த/பெ சிவானந்தம். வயது முப்பத்தொன்று. சுங்கை சோவில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை. இந்தப் போலீஸ் நிலையத்தில் கார்ப்பரல் நாகமணி தமிழில் கேட்க, தமிழிலேயே பதில் சொல்கிறேன்.

எங்கள் வட்டாரத்தில் மாடு வளர்ப்போர் சங்கம் ஒன்று உள்ளது. அதன் செயலாளர் கணேஸ்வரன் என் தாய்மாமன். அவர் கேட்டுக்கொண்டதால் சங்கத்தின் இணையத்தளத்தை ஓய்வு நேரத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன். தடுப்பூசி போடும் நாள், புண்ணாக்கு லோரி வரும் நாள் ஆகியவற்றை அதில் போடுவது வழக்கம்.

சென்ற மாதம் ஜெராம் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தாயம்மா என்பவரின் சினைப்பசு காணாமல் போனது. அவர் போலீசில் புகார் செய்தார். அதன்பின் மாமாவிடம் பசுவின் படத்தைக் கொடுத்தார். சிவப்பு நிறம், இடது காது கிழிந்தது, பெயர் கோமளா.

படத்தைப் பக்கத்தின் அடியில் போட்டால் யாரும் அவ்வளவு தூரம் இறங்கிப் பார்க்கமாட்டார்கள் என்பதால் நான் பிளகின் என்னும் ஒரு சிறு துணை மென்பொருளைத் தளத்தில் நிறுவினேன். அது பக்கத்தின் மேலிருந்து ஒரு பலகையை இறக்கும். பலகைக்குள் படத்தையும், காணாமல் போன தாயம்மாவின் பசு என்ற குறிப்பையும், என் கைப்பேசி எண்ணையும் வைத்தேன். பலகையின் அடியில் ஒரு பச்சைப் பட்டை இருக்கும். அதை அமுக்கினால் பலகை விரியும், மறுபடி அமுக்கினால் சுருங்கிவிடும். முதலில் அதை மூடிய நிலையில் வைத்தேன். பட்டையை ஒருவரும் அமுக்கவில்லை. அதன்பின், பக்கத்தைத் திறந்தாலே பலகை விரிந்து நிற்கும்படி மாற்றினேன். அலுவலகக் கணினியில் பார்த்தேன், சரியாக இருந்தது. கைப்பேசியில் பார்க்கவில்லை.

இன்று சனிக்கிழமை காலை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது முன்பின் தெரியாத ஒருவர் அழைத்தார். பெஸ்தாரி ஜெயா பக்கத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். கோபமாக இருந்தார்.

"தங்கச்சி, புண்ணாக்கு எப்ப வருதுன்னு பாக்கலாம்னு வந்தா ஒரு மாடு வந்து மறிச்சிக்கிட்டு நிக்குது. என்ன பண்ணாலும் போகமாட்டேங்குது லா!"

படம் பெரிதாக இருந்ததால் சின்னக் கைப்பேசிகளில் மூடும் பட்டை திரைக்கு வெளியே போய்விட்டது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அங்கள், போனைப் படுக்கவசமா திருப்புங்க, பச்சைப் பட்டை தெரியும், அமுக்குங்க" என்றேன். அவர் அப்படியே செய்தார். "ஆ, மாடு போயிடுச்சு. செவ்வாய்க்கிழமை வருதா, சரி சரி" என்று சிரித்துவிட்டு வைத்தார். தன் பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதன்பின் கூடையில் இருந்த துணிகள் முடிவதற்குள் அவரே மீண்டும் அழைத்தார். இப்போது குரல் இறங்கியிருந்தது.

"தங்கச்சி, மூடினதை நானே தெறந்து பாத்தேன். காதைப் பாத்தேன். அந்த மாடு என் கொட்டாயில நிக்குது. சொந்தக்காரன்னு சொல்லி ஒருத்தன் லோரியில ஏத்திக்கிட்டு வந்து வித்தான், வாங்கினேன். நேத்துதான் கன்னு போட்டிருக்கு. அந்தம்மாவுக்குச் சொல்லிடுங்க, பாவம், தேடிக்கிட்டு இருப்பாங்க. என் பேரு ரெங்கசாமி. வீட்டுக்கு வழி அனுப்புறேன்."

அதன்பின் நான் தாயம்மாவை அழைத்துச் சொன்னேன். அவர், "கெடேரிக் கன்னா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்று ரெங்கசாமி வழியோடு சேர்த்து அனுப்பிய கன்றின் படத்தைப் பார்த்துச் சொன்னேன். அதன்பின் மாமா, புகார் கொடுத்த போலீஸ் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் தம் காரில் அழைத்துச் சென்றார். ரெங்கசாமி வாசலிலேயே காத்திருந்தார். தாயம்மா கொட்டகைக்குள் போய், "எங்கடி போன நீ?" என்று பசுவைத் திட்டினார், திட்டிக்கொண்டே அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். பசு அவர் தோளை நக்கியது. அதன்பின் தாயம்மா, "இவ்வளவு புண்ணாக்கா போடுவாங்க? ஊதிப்போயிருக்கா பாருங்க" என்று ரெங்கசாமியைத் திட்டினார். "புள்ளத்தாச்சிக்குப் போடாம வேற யாருக்குப் போடுறது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ரெங்கசாமியின் மனைவி தேநீர் கொடுத்தார்.

நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்தது. திருட்டு மாடு அவர் கொட்டகையில் இருந்ததால் விசாரணைக்கு என்று ரெங்கசாமியை இந்த நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். அவர் மறுக்காமல் சட்டையை மாற்றிக்கொண்டு ஏறினார். நாங்களும் மாமா காரில் பின்னாலேயே வந்தோம்.

கேள்வி: படத்தைப் பார்த்துப் பயந்துபோய் ரெங்கசாமி அழைத்திருக்கலாம் அல்லவா?

பதில்: இல்லை. முதல் அழைப்பிலேயே படத்தை மூடும் வழியை நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அவர் மூடியும்விட்டார். அப்போது அவர் யார், வீடு எது என்பது எனக்குத் தெரியாது. பேசாமல் இருந்திருந்தால் அந்தப் பசுவைப் பற்றி யாரும் அவரிடம் போய்க் கேட்டிருக்க முடியாது. மூடிய பலகையைத் தாமாகவே திறந்து, நிதானமாகப் பார்த்து, அதன்பின்தான் அழைத்தார்.

கேள்வி: லோரிக்காரரைத் தெரியுமா?

பதில்: தெரியாது. லோரி எண்ணை ரெங்கசாமி ஏற்கெனவே காவல் அதிகாரியிடம் சொல்லிவிட்டதாக அறிகிறேன்.

கேள்வி: வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?

பதில்: ஆம். பசுவை இப்போதே ஓட்டிப்போகலாம் என்று தாயம்மாவிடம் சொல்லப்பட்டது. அவர் மறுத்துவிட்டு இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்: "அந்த மனுஷன் வீட்டுல இல்லாத நேரம் பார்த்து மாட்டை அவுத்துக்கிட்டுப் போனா, அப்புறம் நான்தான் திருடி."

நான் கண்டதையும் என் காதால் கேட்டதையும் தவிர இதில் வேறெதுவும் இல்லை. எழுதியதைக் கார்ப்பரல் நாகமணி வாசித்துக் காட்டினார். சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, யாருடைய வற்புறுத்தலும் இன்றிக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
ஷர்மினி த/பெ சிவானந்தம்